நிட்டினால்: விகுதியாகிவிட்ட ஓர் ஆய்வகம்

நிட்டினால் என்ற சொல்லைத் தமிழ்க் காதில் போட்டால் 'நீட்டினால்' என்றுதான் விழும். பொருளும் பொருந்திவிடும். இந்த உலோகக் கம்பியை நீட்டினால், வளைத்தால், முறுக்கினால் என்ன ஆகும் என்பதில்தான் அதன் புகழே இருக்கிறது: வெந்நீரில் போட்ட மாத்திரத்தில் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஒலியும் ஒத்து, பொருளும் ஒத்துப்போனால் சொல்லாராய்ச்சிக்காரர்களுக்குக் கை பரபரக்கும். உலகச் சொற்களெல்லாம் தமிழிலிருந்து போனவை என்று கிளம்ப இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் இந்தச் சொல் பிறந்த ஊர் தெரியும், காலம் தெரியும், பெயர் வைத்தவர் யாரென்றும் தெரியும். 1950களின் இறுதி, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வைட் ஓக் என்ற இடம், வைத்தவர் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலர். நம் 'நீட்டினால்' வெறும் தற்செயல்.

நன்னூல் வழியில் இதைப் பகுபதமாகப் பிரித்தால் மூன்று துண்டு கிடைக்கும். நிக்கலின் வேதிக்குறியீடு 'நி'. டைட்டானியத்தின் குறியீடு 'டி'. மிச்சமிருக்கும் 'நால்', நேவல் ஆர்ட்னன்ஸ் லேபரட்டரி என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. தமிழில் கடற்படைப் படைக்கல ஆய்வகம். முதல் இரண்டு துண்டுகள் உலோகம் எதனால் ஆனது என்று சொல்கின்றன. கடைசித் துண்டு யார் காசில் ஆனது என்று சொல்கிறது.

மூன்றையும் தனித்தனியே பார்க்கலாம்.

நி: குட்டிச்சாத்தான்

ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செம்பு போலச் சிவந்த ஒரு தாது கிடைத்துவந்தது. ஆசையோடு உலையில் இட்டால் செம்பு வராது. ஆர்சனிக் புகைதான் கிளம்பி ஆளை நோகடிக்கும். மலைக்குள் இருக்கும் குட்டிச்சாத்தான் செம்பைத் திருடிக்கொண்டு கல்லை மட்டும் விட்டுவைக்கிறது என்று நம்பினார்கள். அந்தத் தாதுவுக்குக் 'குப்ஃபர்நிக்கல்' என்று பெயர். குப்ஃபர் என்றால் செம்பு. நிக்கல், அந்தச் சாத்தானின் செல்லப்பெயர்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்சல் குரோன்ஸ்டெட் 1751இல் ஒரு தாதுவிலிருந்து புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது சுரங்கக்காரர்களின் பழைய எதிரியில் இருப்பதுதான் என்று கண்டுகொண்டு, 1754இல் அந்த நீளப் பெயரை நறுக்கி 'நிக்கல்' என்று வைத்தார். செம்பு கழன்றுபோய்ச் சாத்தான் மட்டும் நின்றது. பக்கத்துத் தனிமமான கோபால்ட்டின் பெயரும் இதே வகைதான். 'கோபோல்ட்' என்பது அதே மலைகளின் இன்னொரு குறளி.

டி: பூமியின் பிள்ளை

டைட்டானியத்தின் கதை வேறு மாதிரி. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் மனாக்கன் என்ற ஊர் ஓடையில் கிடந்த கருமணலை ஆராய்ந்தார். அதில் இரும்போடு ஏதோ ஒரு புதிய உலோகமும் கலந்திருப்பதைக் கண்டு ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். இல்மனைட் என்று இன்று அழைக்கப்படும் கனிமம் அது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளும் கருமணலிலும் இதே கனிமம்தான் இருக்கிறது. நான்கு ஆண்டு கழித்து, 1795இல், பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் வேறொரு கனிமத்திலிருந்து அதே தனிமத்தைத் தனியே கண்டார். 'டைட்டானியம்' அவர் வைத்த பெயர். கிரேக்கப் புராணத்தில் பூமித்தாயின் பிள்ளைகள் டைட்டன்கள்.

கிளாப்ரோத் ஏன் புராணத்துக்குப் போனார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு பொருளின் இயல்பு முழுதாகத் தெரியாத நிலையில் அதன் குணத்தைச் சொல்லும் பெயர் வைத்தால் பிறகு அது பொய்யாகிவிடலாம்; ஆகையால் எதையும் சொல்லாத பெயரே மேல் என்பது அவர் கட்சி. நம் இலக்கணக்காரர்களின் சொல்லில், காரணப்பெயர் வேண்டாம், இடுகுறிப்பெயர் போதும் என்கிறார். முன்பு யுரேனியத்துக்கு அப்போதுதான் கண்டறிந்திருந்த யுரேனஸ் கோளின் பெயரை வைத்தவரும் அவர்தான்.

பெயர் கிடைத்தும் உலோகம் கைக்கு வர நூறாண்டுக்கு மேலாயிற்று. 1910இல்தான் மேத்யூ ஹன்ட்டர் ஓரளவு தூய டைட்டானியத்தைத் தயாரித்துக் காட்டினார். வில்லியம் குரோலின் முறை வந்த பிறகு, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால், அது தொழிற்சாலைச் சரக்கானது. அப்போது அதை ஆவலோடு வாங்கக் காத்திருந்தவர்கள் போர்விமானம் கட்டுகிறவர்கள். எஃகின் வலிமை, ஏறத்தாழப் பாதி எடை, சூட்டையும் தாங்கும் என்றால் யார்தான் விடுவார்கள்?

நால்: வரிசையிலிருந்து வெடிமருந்து வரை

மூன்றாம் துண்டின் நடுவில் இருக்கும் 'ஆர்ட்னன்ஸ்' நமக்குப் பழகிய சொல். திருச்சியில் ஓ.எஃப்.டி. என்று ஊரே சொல்லும் தொழிற்சாலையின் 'ஓ' இதுதான். அவசரச் சட்டம் என்று நாளிதழ்கள் எழுதும் 'ஆர்டினன்ஸ்' இதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலம் 'வரிசை' என்று பொருள்படும் லத்தீன் சொல். வரிசைப்படுத்துவது, ஏற்பாடு செய்வது, ஆணையிடுவது என்று பொருள் நீண்டது. ஒரு கிளை ஆணையிலேயே நின்று சட்டமானது. இன்னொரு கிளை படைக்கு வேண்டியதை ஏற்பாடு செய்வது என்று போய், ஏற்பாடு செய்யப்பட்ட பீரங்கியையும் குண்டையுமே குறிக்கத் தொடங்கியது. எழுத்தில் ஓர் உயிர் கழன்றதும் பொருளே வேறாயிற்று.

அந்த ஆய்வகம் 1918இல் வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் கடல் கண்ணிவெடிகளுக்கான ஒரு பிரிவாகத் தொடங்கியது. 1929இல் இன்னொரு பிரிவோடு சேர்ந்து 'நேவல் ஆர்ட்னன்ஸ் லேபரட்டரி' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. பின்னாளில் இயற்பியலுக்காக இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற ஜான் பார்டீன், போர்க்காலத்தில் இங்கே வேலை பார்த்தார். வாஷிங்டனில் இடம் போதாமல் வைட் ஓக்கில் பெரிய வளாகம் எழுந்தது. தோற்ற ஜெர்மனியின் கோகல் ஊரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த காற்றுச் சுரங்கங்களை, ஒலியை மிஞ்சும் வேகத்துக்கான அந்தச் சோதனைக் கருவிகளை, அங்கேதான் பொருத்தினார்கள். ஆகப் பெயரில் கடல் இருந்தாலும், 1950களில் ஆய்வகத்தின் கண் வானத்தில் இருந்தது. கடலடியிலிருந்து கிளம்பி வானேறி மறுபடி காற்று மண்டலத்துக்குள் பாயும் ஏவுகணைக்கு அந்த இரண்டும் வேண்டும்.

அந்த ஏவுகணை போலாரிஸ். 1960 ஜூலையில் நீருக்கடியிலிருந்த நீர்மூழ்கியிலிருந்து முதல் முறையாக ஏவினார்கள். மீண்டும் காற்றுக்குள் நுழையும்போது அதன் மூக்குக் கூம்பு தாங்க வேண்டிய சூடு சாதாரணமானதல்ல. சூட்டையும் தாங்க வேண்டும், அடியையும் தாங்க வேண்டும். அப்படி ஓர் உலோகத்தைத் தேடும் வேலை பியூலருக்கு வந்தது.

அவர் செய்தது எந்த ஊர்க் கொல்லரும் ஒப்புக்கொள்ளக்கூடிய வேலை. அப்போது புதிதாக வந்திருந்த உலோகக் கலவைகளின் கையேட்டைப் புரட்டி ஏறக்குறைய 60 சேர்மங்களைப் பொறுக்கினார். பிறகு 12 ஆகக் குறைத்தார். அவற்றைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார். பெரும்பாலானவை உடைந்தன. நிக்கலும் டைட்டானியமும் சம அணுக்களாகச் சேர்ந்தது மட்டும் அடியை வாங்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் பெயர் வைத்தார். மீளும் குணம் வெளிப்படுமுன்பே வைத்த பெயர் இது. அதனால்தான் அந்தக் குணத்தைப் பற்றி அதில் ஒரு குறிப்பும் இல்லை.

குணம் தெரிந்ததில் முதல் கட்டம் காதால். மின்வில் உலையில் உருக்கிய சில கட்டிகள் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. ஆறிய ஒன்றைப் பியூலர் கான்கிரீட் தரையில் போட்டுப் பார்த்தார். ஈயக்கட்டி விழுந்தாற்போல் 'தொப்' என்றது. சரக்கு கெட்டுவிட்டதோ என்று சூடாக இருந்த இன்னொன்றைப் போட்டார். மணியடித்தாற்போல் 'ணங்' என்றது. சூடாக இருந்ததைக் குழாய்த் தண்ணீரில் குளிரவைத்துப் போட்டார்; தொப். மறுபடி சுடவைத்துப் போட்டார், ணங். ஒரே கட்டி, ஒரே கலவை, வெப்பம் மாறினால் உள்ளே ஏதோ இடம் மாறுகிறது என்பது அந்த ஓசையில் தெரிந்துவிட்டது.

இரண்டாம் கட்டம் 1960களின் தொடக்கத்தில், ஆய்வகத்து மேலதிகாரிகள் கூட்டம் ஒன்றில். எத்தனை முறை மடக்கினாலும் ஒடியாது என்று காட்டுவதற்காக, மெல்லிய தகடு ஒன்றை ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்பு மடிப்பாக மடித்துக் கொண்டுபோயிருந்தார்கள். அது கைமாறிக் கைமாறி, ஆய்வகத்தின் இணைத் தொழில்நுட்ப இயக்குநர் டேவிட் மஸ்ஸியிடம் வந்தது. புகைக்குழாய் பிடிப்பவர் அவர். சும்மா பார்ப்போமே என்று லைட்டரைப் பற்றவைத்துத் தகட்டுக்கு அடியில் காட்டினார். மடிப்புகள் தாமாக விரிந்து தகடு நீண்டு நேரானது.

ஏன் என்பதற்கு விளக்கம் தேடுவதில் 1962இல் ஆய்வகத்தில் சேர்ந்த படிக இயற்பியலர் பிரெடரிக் வாங்கின் பங்கு பெரிது. இந்தக் கலவைக்குள் அணுக்கள் இரண்டு விதமாக அணிவகுக்கும். சூட்டில் ஒரு வகை, குளிரில் இன்னொரு வகை. குளிர்ந்த நிலையில் வளைத்தால், மற்ற உலோகங்களில் போல அணுக்கள் பக்கத்து அணுவை விட்டு வழுக்கி ஓடுவதில்லை. அண்டைவீட்டாரை மாற்றாமல் சாய்ந்து மட்டும் கொடுக்கின்றன. சூடேறியதும் நிமிர்ந்து நிற்க அவற்றுக்கு ஒரே வழிதான் இருக்கிறது: பழைய இடம். அதைத்தான் நாம் 'நினைவு' என்கிறோம். இப்படி 8 சதவீதம் வரை நீண்டதைக்கூட அது திரும்பப் பெறும்.

அந்த இரண்டு அணிவகுப்புகளின் பெயர்களும் எஃகிலிருந்து கடன் வாங்கியவை. சூட்டில் நிற்பது ஆஸ்டினைட். இங்கிலாந்தின் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் நினைவாக. குளிரில் நிற்பது மார்ட்டென்சைட். ஜெர்மனியின் அடால்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக. உலோகத்தின் உள்ளே மனிதர்களின் பெயர். வெளியே ஆய்வகத்தின் பெயர். கண்டவர் பெயர் எங்கும் இல்லை. 1965இல் வந்த காப்புரிமையில் பியூலரும் அவருடைய சகா ரேமண்ட் வைலியும் கண்டுபிடிப்பாளர்கள். உரிமை அமெரிக்க அரசுக்கு.

இன்னொரு வேடிக்கை. 1963இல் பியூலரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பில் டைட்டானியம் முன்னாலும் நிக்கல் பின்னாலும் வருகிறது. அந்த வரிசையைப் பெயருக்கும் கொண்டிருந்தால் நாம் இன்று 'டினிநால்' என்றிருப்போம். எடைக்கணக்கில் நிக்கல் 55 சதவீதம். கனத்தவன் முன்னால் போய்விட்டான்.

விகுதியின் உறவினர்கள்

ஒரு விகுதி விகுதிதான் என்று நிறுவ, அதே முடிவுள்ள வேறு சொற்களைக் காட்ட வேண்டும். காட்டலாம். நிட்டினாலுக்கு முன்பே, 1950களில், அதே ஆய்வகத்தில் 'ஆல்ஃபெனால்' பிறந்திருந்தது: அலுமினியத்தின் 'ஆல்', இரும்பின் குறியீடான 'ஃபெ', கடைசியில் 'நால்'. அதில் வேலை செய்தவர்களில் பியூலரும் ஒருவர். அதாவது அச்சு ஏற்கெனவே தயாராக இருந்தது. அவர் புதிய சரக்கை அதில் வார்த்தார்.

1970களில் 'டெர்ஃபெனால்-டி' வந்தது. டெர்பியம், இரும்பு, நால், டிஸ்ப்ரோசியம். காந்தப் புலத்தில் வைத்தால் நீளம் மாறும் உலோகம். நீருக்கடியில் ஒலியெழுப்பி எதிரிக் கப்பலைத் தேடும் சோனார் கருவிகளுக்காக ஆர்தர் கிளார்க் குழு உருவாக்கியது. அதே கிளார்க் 1990களின் இறுதியில் காலியத்தையும் இரும்பையும் சேர்த்தபோது, வைத்த பெயர் 'கால்ஃபெனால்'.

காலத்தைக் கவனியுங்கள். நேவல் ஆர்ட்னன்ஸ் லேபரட்டரி என்ற பெயர் 1974இலேயே போய்விட்டது. அந்த ஆண்டு அதை டால்கிரனில் இருந்த இன்னோர் ஆய்வகத்தோடு இணைத்து வேறு பெயர் சூட்டிவிட்டார்கள். கால்ஃபெனால் பிறந்தபோது 'நால்' குறிக்கும் நிறுவனம் அந்தப் பெயரில் உலகில் இல்லை. ஆனாலும் ஒட்டு ஒட்டிக்கொண்டது. தனிச்சொல்லாக இருந்தது பொருள் தேய்ந்து விகுதியாவது மொழிகளில் வழக்கமாக நூற்றாண்டுகள் எடுக்கும் வேலை. இங்கே ஒரு ஆயுதக்கூடம் ஐம்பதே ஆண்டுக்குள் விகுதியாகிவிட்டது.

விகுதியானதும் காதும் ஏமாறத் தொடங்கியது. வேதியியலில் 'ஆல்' என்று முடிந்தால் ஆல்கஹால் குடும்பம் என்று அர்த்தம்: எத்தனால், மெத்தனால், பீனால். மருந்துக்கடையிலும் அந்த முடிவுக்குப் பஞ்சமில்லை. நிட்டினால் என்று கேட்டவுடன் அது ஏதோ சொட்டு மருந்து என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. நைட்டினால் என்று உச்சரிப்பவர்களும் இருக்கிறார்கள்; அவர்கள் வாயில் அது தூக்க மருந்தாகவே ஆகிவிடுகிறது.

இப்படிக் காது ஏமாந்ததற்கு முன்னோடி டுராலுமின். விமானத்தின் உடலை உலோகத்தால் செய்யலாம் என்று ஆக்கிய அலுமினியக் கலவை அது. அதிலுள்ள 'டுரா' கடினம் என்னும் லத்தீன் 'டூரஸ்' என்று பலரும் நினைக்கிறார்கள். கடினமான அலுமினியம் என்று பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் 1909இல் அதைச் செய்து விற்கும் உரிமை பெற்றது ஜெர்மனியின் டூரன் ஊர்க் கம்பெனி. பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. அதன் பிறப்பும் படைச்செலவில்தான். பித்தளைத் தோட்டா உறைக்கு மாற்றாக அலுமினியத்தில் ஒன்று வேண்டும் என்று ஜெர்மானியப் படைத்துறை கேட்க, ஆல்ஃபிரட் வில்ம் தேடப் புகுந்தார். சுட்டுத் தண்ணீரில் தோய்த்த கலவை உடனே கடினமாகாமல், சில நாள் சும்மா கிடந்த பின் கடினமாவதை 1906இல் கண்டார். தோட்டா உறைக்கு அது தோதுப்படவில்லை. செப்பலின் வான்கப்பல்களின் எலும்புக்கூட்டுக்குப் போயிற்று.

படைத்துறை கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு என்பது அன்றும் நடந்தது. போலாரிஸின் மூக்குக் கூம்பிலும் நிட்டினால் ஏறவில்லை.

வெளியே போன சொல்

அது போர்விமானத்தில் ஏறிய விதம் மிகச் சிறியது, மிக அழகானது. 1970இல் முதலில் பறந்த எஃப்-14 விமானத்துக்குள் நீரழுத்த எண்ணெய் ஓடும் டைட்டானியக் குழாய்கள். அவற்றை இணைக்க வேண்டும். நெருக்கமான இடத்தில் பற்றவைக்க முடியாது, மரை போட்டால் அதிர்வில் தளரும். ரேகெம் நிறுவனம் நிட்டினால் குடும்பத்துக் கலவையில் சிறு வளையங்கள் செய்தது. நம் ஊர் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: பட்டையைச் சுடவைத்து விரித்து, சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்வும். இங்கே எல்லாம் தலைகீழ். வளையத்தைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து விரித்து, குழாய்களின் முனையில் மாட்டிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். அறைச் சூட்டுக்கு வரும்போது தன் பழைய அளவுக்குச் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு அது வாய்க்குள் போனது. அயோவா பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவர் ஜார்ஜ் ஆண்ட்ரியசன் 1970களின் தொடக்கத்தில் பற்களைச் சீராக்கும் கம்பியாக இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்ட பிள்ளைகளில் பலர் இன்று இந்தக் கம்பியைத்தான் சுமக்கிறார்கள். எஃகுக் கம்பியை மாதாமாதம் போய் இறுக்க வேண்டியிருந்தது. இது எவ்வளவு வளைந்தாலும் நிதானமாக, ஒரே விசையில், நாள்கணக்கில் பல்லை இழுத்துக்கொண்டே இருக்கும். ஐஸ் தண்ணீர் குடித்தால் சற்று இளகி, மறுபடி வாய்ச்சூட்டில் விறைக்கும் வகைகளும் உண்டு. பியூலர் தரையில் கேட்ட தொப்பும் ணங்கும் இப்போது பல்லிடுக்கில்.

அடுத்தது இரத்தக் குழாய். 1983இல் சார்லஸ் டாட்டர் குழுவும் ஆண்ட்ரூ கிராக் குழுவும் நிட்டினால் சுருளை நாளத்துக்குள் செலுத்தி விரியவைத்த சோதனைகளை ஒரே இதழில் வெளியிட்டன. இன்று கால் நாளத்திலும் கழுத்து நாளத்திலும் வைக்கும் ஸ்டென்ட்டுகளில் பெரும்பாலானவை நிட்டினால். கால் மடங்கும், கழுத்து அழுந்தும். நசுங்கினால் நசுங்கியபடியே நிற்கும் உலோகம் அங்கே ஆகாது. இதய நாளங்களில் வைப்பவை பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம். அங்கே தேவை வேறு. பிறவியிலேயே இதயச் சுவரில் ஓட்டையுள்ள குழந்தைகளுக்கு நெஞ்சைப் பிளக்காமல், தொடை நாளம் வழியே கொண்டுபோய் விரித்து அடைக்கும் வலைப்பின்னல் மூடியும் நிட்டினால்தான். கர்ட் ஆம்ப்ளாட்ஸ் என்ற மருத்துவர் வடிவமைத்தது.

இவ்வளவு தாமதம் ஏன்? நிக்கல் அணுக்களின் பங்கு 0.1 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ, வடிவம் மீளும் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி நகர்ந்துவிடும். உடலின் 37 டிகிரிக்குச் சரியாக விழ வேண்டுமானால், உருக்குபவர் கை அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். லைட்டர் வித்தை காட்டப் பிடித்தது ஒரு நொடி. அதை நாளத்துக்குள் நம்பி வைக்கப் பிடித்தது கால் நூற்றாண்டுக்கு மேல்.

இப்படிப் பல்லுக்கும் நாளத்துக்கும் போய்விட்ட பிறகு, சொல்லும் தன் மூன்றாம் துண்டை மறந்தது. ஆங்கிலத்தில் தலையெழுத்தைப் பெரிதாக எழுதிய காலம் போய், எஃகு, பித்தளை போல் பொதுப்பெயராகச் சின்ன எழுத்திலேயே எழுதுகிறார்கள்.

துறைக்கும் பெயர் வைத்த பணம்

உலோகத்தின் பெயரில் மட்டும்தான் படைத்துறைக் கை என்றில்லை. இந்த ஆராய்ச்சி எந்தத் துறையில் அடங்கும் என்று கேட்டால் 'மெட்டீரியல்ஸ் சயன்ஸ்' என்போம். 1950களின் நடுவில் அந்தப் பெயரில் பல்கலைக்கழகத் துறை கிடையாது. உலோகவியல் இருந்தது, பீங்கானுக்கு ஒரு துறை இருந்தது, பாலிமர் வேதியியலில் இருந்தது. 1957இல் ஸ்புட்னிக் பறந்தது. 1958இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆர்ப்பா என்ற அமைப்பைத் தொடங்கியது. 1960இல் அது கார்னெல், பென்சில்வேனியா, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து, இந்தத் துறைகளெல்லாம் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் ஆய்வகங்களை அமைத்தது. பின்னர் அவை 12 ஆயின. ராக்கெட்டுக்கு வேண்டிய பொருள் உலோகமா பீங்கானா என்று ராக்கெட் பார்ப்பதில்லை என்பது அதன் நியாயம். அந்தக் கூரையின்கீழ்தான் புதிய பெயர் வேர்பிடித்தது. 1972இல் ஆய்வகங்கள் குடிமைத் துறையான தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குக் கைமாறின. பெயர் அப்படியே நின்றது.

நம் பக்கம் இந்தப் பெயரைத் தமிழாக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. 'பொருளியல்' என்றால் பொருளாதாரக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஆகவே பொருளறிவியல் என்கிறோம். சென்னை ஐஐடியிலும் திருச்சி என்ஐடியிலும் துறையின் பெயரில் உலோகவியலும் இருக்கிறது, பொருட்பொறியியலும் இருக்கிறது. பழையதை விடாமல் புதியதையும் சேர்த்துக்கொண்ட பெயர்.

படைக்கான பொருளாராய்ச்சி மருத்துவத்துக்கு வந்ததற்கு நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஏவுகணைக்காக ஆராய்ந்த எடை குறைந்த பொருளைக் கொண்டு, கால் நலிந்த குழந்தைகள் சுமந்த மூன்று கிலோ காலிப்பரை 300 கிராமாக்கியதை அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லிவந்தார். 1990களில் அவரும் ஐதராபாத் இதயநோய் மருத்துவர் சோமராஜுவும் சேர்ந்து உருவாக்கிய ஸ்டென்ட்டுக்குக் கலாம்-ராஜு என்றே பெயர். அங்கே ஆய்வகத்தின் பெயர் ஒளிந்துகொண்டு ஆட்களின் பெயர் நின்றது. நிட்டினாலில் ஆட்கள் ஒளிந்துகொண்டு ஆய்வகம் நின்றது.

வைட் ஓக் வளாகத்தை 1997இல் கடற்படை மூடியது. அந்த நிலத்தில் இப்போது இருப்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகம். உடலுக்குள் வைக்கும் நிட்டினால் கருவிகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 2020இல் அந்த அமைப்பு ஒரு வழிகாட்டி வெளியிட்டது; தலைப்பிலேயே 'நிட்டினால்' இருக்கிறது. மூக்குக் கூம்பு தேடப் போன இடத்திலேயே, ஸ்டென்ட்டுக்கு அனுமதி கொடுப்பதா என்று தீர்மானிக்கிறார்கள்.

இதை வைத்துப் போர்ச்செலவு வீண்போகவில்லை என்று வாதாடுவோர் உண்டு. அந்த வாதத்தை இந்தப் பெயர் தாங்காது. ஆண்ட்ரியசனுக்கும் டாட்டருக்கும் கடற்படை நாளத்தையோ பல்லையோ காட்டவில்லை. அவர்கள் தங்கள் தேவையோடு போய் எடுத்துக்கொண்டார்கள். மறுபக்கம், பணம் கொடுத்தவரை மறைத்துவிட்டு இது தூய அறிவியலின் கொடை என்று எழுதுவதையும் இந்தப் பெயர் அனுமதிக்காது. முள்ளியை முள் உள்ள செடி என்று காரணம் கருதியும் சொல்லலாம், கருதாமல் அந்தச் செடிக்கு மட்டும் பெயராகவும் கொள்ளலாம் என்று நம் இலக்கணம் ஒரு வகை வைத்திருக்கிறது: காரண இடுகுறி. நிட்டினால் அந்த வகை. பல் மருத்துவருக்கு இடுகுறி. மூன்றாம் துண்டைப் பிரிக்கத் தெரிந்தவருக்குக் காரணம்.

இன்றும் விமானப் பொறியியலிலும் பொருளறிவியலிலும் வரும் கட்டுரைகளில் கணிசமானவை படைத்துறைப் பணத்தில் நடந்த ஆய்வுகள்தாம். ஆனால் பணம் கொடுத்தவர் இப்போது பொருளின் பெயரில் வருவதில்லை; கட்டுரையின் கடைசியில், நன்றி நவிலலில், ஒரு ஒப்பந்த எண்ணோடு ஒரே வரியில் வந்துபோகிறார். பியூலர் காலத்தில் அந்த வரி சொல்லுக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் அறுபது ஆண்டு கழித்தும் யார் காசில் ஆனது என்று நம்மால் படிக்க முடிகிறது. இனி வரும் உலோகங்களுக்குச் சொல்லாராய்ச்சி செய்ய வருகிறவர், அகராதியை மூடிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.